கல் பழுக்க நாற்பது நாள்

கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில், தரைத்தளத்து இரண்டறை வீட்டில் இருந்த வடிவு என்ற பெண்மணி, 1973 கார்த்திகை தொடங்கி ஆறு ஆண்டுகளும் இரண்டு மாதமும் ஒரு மீன்தொட்டியின் வழியாகவே மூச்சு விட்டு வந்தாள். தொட்டி இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி உயரம். அதில் மூன்று பொன்மீன்கள். அடியில் நான்கு விரல் கனத்துக்குப் பதர்பூர் சரளை. வீடு கட்டுகிறவர்கள் சிமெண்டோடு கலக்கும் அதே சிவந்த சரளையைச் சலித்துப் போட்டது. சரளைக்கும் கீழே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு, தட்டிலிருந்து மேலே வரும் ஒரு குழாய், குழாய்க்குள் காற்றை அனுப்ப ஒரு சின்ன மின்சார பம்பு. அந்தப் பம்பின் 'கொர்' சத்தம் தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும். குடியிருப்பில் யாரும் அதைப் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை, சர்க்காரில் வேலை பார்ப்பவர்களுக்கு அதைவிட விசித்திரமான சங்கதிகள் ஃபைலிலேயே வந்துகொண்டிருந்தன.

வடிவின் கணவர் தட்சிணாமூர்த்தி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அப்பர் டிவிஷன் கிளார்க். இருவருக்கும் அம்பாசமுத்திரம் பக்கம். 1961-இல் கல்யாணமாகி டெல்லிக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே வடிவுக்கு இளைப்பு நோய் வந்துவிட்டது. தீபாவளி வெடிப் புகையில் தொடங்கினால், வீட்டுக்கு வீடு மூட்டும் கரி அடுப்புப் புகையில் முற்றி, ஹோலி வரை விடாது. அதனால் தீபாவளிக்கு மறுநாள் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போவாள், ஹோலி கழித்துத் திரும்புவாள். கல்யாணமான பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது ஏழு ஆண்டுதான். தட்சிணாமூர்த்திக்கு மனைவி என்றால் உயிர். அந்த உயிர் வருஷத்தில் ஐந்து மாதம் ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருந்தது. 1973-இல் மருத்துவர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: இனிமேல் போக்குவரத்தெல்லாம் வேண்டாம், ஊரிலேயே இருக்கட்டும், அடுத்த டெல்லிக் குளிரை இந்த நெஞ்சு தாங்காது. பிள்ளையில்லாத வீடு. வடிவும் போய்விட்டால் மிச்சம் ஒரு கட்டிலும் ஒரு ரேடியோவும்தான்.  தட்சிணாமூர்த்தி ஒருவழி டிக்கெட் எடுத்து வந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார்.

அதே வாரத்தில் மாடி வீட்டுப் பட்டாபிக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. பட்டாபி ஏதோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர், தஞ்சாவூர்க்காரர், மீன் பைத்தியம். தொட்டியை ரயிலில் கொண்டுபோக முடியாது என்பதால் அதைத் தட்சிணாமூர்த்தி வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் போல அரைமணி நேரம் புத்தி சொன்னார். "ஜலம் தெளிவா இருக்கறதுக்குக் காரணம் பம்பு இல்லை சார். அந்தக் கல்லுலே கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் குடியிருக்கு. மீன் விடற விஷத்தை ஒரு கூட்டம் தின்னு வேற விஷமா ஆக்கும். அதை இன்னொரு கூட்டம் தின்னு சாதுவாக்கிடும். அதுகளுக்குக் காத்து போயிண்டே இருக்கணும், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை கால் பங்கு ஜலத்தை மாத்துங்கோ, அதுவும் ஒரு நாள் வாளியிலே நின்ன ஜலம். கல்லை மட்டும் அலம்பிடாதேள்!" ஆட்டோவில் ஏறிய பிறகும் ஒருமுறை தலையை நீட்டிக் கல்லைப் பற்றி ஞாபகப்படுத்தினார்.

ரயிலுக்கு மூன்று நாள் இருக்கும்போது வடிவுக்கு இளைப்பு கடுமையாக வந்தது. படுக்க முடியாமல், தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்து மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் குழாயிலிருந்து வரும் குமிழிகள் அவள் மூச்சின் கணக்குக்கு வரத் தொடங்கின. அவள் இழுத்தால் குமிழி நின்றது, விட்டால் வந்தது. ஒரு மணி நேரத்தில் அவள் நெஞ்சிலிருந்த கரகரப்பு இறங்கிப் போய்க் கண்ணாடிக்குள்ளிருந்து கேட்டது. மறுநாள் வந்து பார்த்த மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வடிவின் முதுகில் வைத்தார், ஒன்றுமில்லை. தொட்டியில் வைத்தார், நல்ல இளைப்பு. மருந்தை யார் பெயருக்கு எழுதுவது என்று சற்று யோசித்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் காப்பி குடித்துவிட்டுப் போனார். தட்சிணாமூர்த்தி அன்றே போய் டிக்கெட்டை ரத்து செய்தார். வரும் வழியில் கால் கிலோ ஜிலேபி வாங்கி, வீடு வருவதற்குள் பாதியைத் தின்று தீர்த்திருந்தார்.

அதன் பிறகு ஆறு குளிர்காலங்கள் போயின. வைகாசியில் ராஜஸ்தானிலிருந்து வரும் புழுதியும் மார்கழியில் வரும் கரிப்புகையும் வடிவின் மூச்சோடு பம்புக்குள் போய், சரளைக்கிடையில் பழுப்பாகப் படிந்து, அங்கே குடியிருந்தவற்றால் தின்னப்பட்டுச் சாதுவாகின. ஒருமுறை நிறைத்துக்கொண்ட மூச்சு வெளியே மூன்று மணி நேரம் தாங்கும். அதற்குள் மார்க்கெட்டுக்கோ ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்கோ போய் வந்துவிடுவாள். மின்சாரம் போகும் நாட்கள்தான் தொல்லை. காற்று நின்றால் கல்லில் இருப்பவை செத்துவிடும் என்று பட்டாபி சொல்லியிருந்ததால், விளக்கு அணைந்த உடனே மாடியில் குடிவந்திருந்த மல்ஹோத்ரா அம்மாள் "ஜல்தி, ஜல்தி!" என்று தன் வீட்டு ஆட்களை விரட்டிக்கொண்டு இறங்கி வருவாள். பம்புக் குழாயைக் கழற்றி ஆளுக்குப் பத்து நிமிடம் வாயால் ஊதுவார்கள். அந்த அம்மாள் ஊதும்போது வடிவின் மூச்சில் வெங்காயமும் ஏலக்காயும் மணக்கும், வடிவு அதைக் குறையாகச் சொன்னதில்லை.

கெட்டது வந்தது 1980 பொங்கலுக்கு முந்தின நாள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பொங்கலுக்கு முன்னால் வீட்டை வெள்ளையடித்தால்தான் மனசு ஆறும். சர்க்கார் குவார்ட்டர்ஸில் வெள்ளையடிப்பது சர்க்கார் நினைத்தால்தான். அந்த ஆற்றாமையில், கழுவ முடிந்ததையெல்லாம் கழுவித் தீர்ப்பார்கள். அன்று வடிவு விடியற்காலையிலேயே பாத்திரம், பலகை, சாமி விளக்கு எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு மலை மந்திருக்குப் போயிருந்தாள். தட்சிணாமூர்த்தி பரணைத் துடைத்து முடித்துச் சுற்றிலும் பார்த்தார். வீடே பளபளவென்று இருக்க, நடுவில் அந்தத் தொட்டி மட்டும் பாசியும் அழுக்குமாக நின்றது. ஆறு வருஷமாக அவளைக் காப்பாற்றுகிற பொருளை நல்ல நாளில் இப்படியா வைத்திருப்பது என்று அவருக்கு உறுத்தியது. பட்டாபியின் பேச்சு ஞாபகம் வராமல் இல்லை. இருந்தாலும், ஒரு முறைதானே, மெதுவாகக் கழுவினால் என்ன என்று நினைத்தார். மீன்களை வாளியில் விட்டு, சரளையை அள்ளி, கொதிக்கிற நீரும் சோடா உப்பும் போட்டு மூன்று தரம் அலசினார். பச்சரிசி களைவது போலக் களைந்து, தண்ணீர் தெளிந்து வருகிறவரை விடவில்லை.

வடிவு வந்து பார்த்தாள். கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் மின்னியது. "எம்புட்டு அழகா இருக்கு!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் இருவரும் தொட்டிக்குப் பக்கத்திலேயே பொங்கல் வைத்துச் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் பால்போலக் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, வடிவும் அப்படியே செய்தாள். ஐந்தாம் நாள் பெரிய மீன் செத்தது. தட்சிணாமூர்த்தி நாக்பூருக்குத் தந்தி கொடுத்தார். பட்டாபியிடமிருந்து எக்ஸ்பிரஸ் டெலிவரியில் கடிதம் வந்தது. திட்டி ஒரு வரிகூட இல்லை. "செத்தவை திரும்பக் குடிவந்து கல் பழுக்க நாற்பது நாள் ஆகும். குறுக்கு வழி கிடையாது. முதலில் ஒரு விஷம் ஏறும், அது இறங்குகையில் இன்னொன்று ஏறும். நடுவில் மோசமாகத்தான் தெரியும். பயந்துபோய் மறுபடி கல்லைக் கொட்டிவிடாதேள். தினம் கொஞ்சம் ஜலம் மாற்றி, பொறுமையாகப் பக்கத்தில் இருங்கோ" என்று எழுதியிருந்தார்.

நாற்பது நாள் வடிவின் நெஞ்சு தாங்குமா என்பதற்குக் கடிதத்தில் பதில் இல்லை. தை மாதக் குளிர், ஊர் முழுக்கப் புகைமூட்டம். வடிவு ரயில் டிக்கெட் எடுக்கச் சொன்னாள். "போயிருதேன். ஒங்க கண்ணு முன்னால இப்படிக் கெடக்க வேண்டாம்." தட்சிணாமூர்த்தி அழுதுவிட்டார். "போனா நீ திரும்பி வர மாட்டே வடிவு. நாந்தான் கழுவினேன். நானே பாத்துக்கிடுதேன்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கே தெரியாது. அலுவலகத்துக்கு நாற்பது நாள் விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு, கட்டிலில் அவளை எதிரே உட்கார வைத்து, முதுகில் கையை வைத்துக்கொண்டார். "நான் இழுக்கும்போது இழு, விடும்போது விடு. வேற ஒண்ணும் நெனைக்காதே." அப்படியே உட்கார்ந்தார்கள். கை மரத்துப்போனால் மாற்றிக்கொண்டார். மல்ஹோத்ரா அம்மாள் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

அப்படி உட்கார்ந்த நான்காம் நாள் வடிவுக்கு மூச்சு இலகுவாயிற்று. எழுந்து சோறு பொங்கினாள், தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினாள். தட்சிணாமூர்த்தியோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். வடிவு வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாள். அடியில் கரகரப்பு, முடிவில் மெல்லிய விசில். பத்தொன்பது வருஷம் கூடவே இருந்த சத்தத்தை அவளுக்குத் தெரியாதா? "இது என் இளைப்புல்லா?" என்றாள். அவர் ஆமாம் என்றார். அவள் கோபத்தில் கரண்டியைத் தூக்கிப் போட்டாள், திரும்பக் கொடுக்கச் சொல்லிச் சண்டை போட்டாள். கொடுக்கத் தெரியாது என்றார் அவர், அது உண்மையும்கூட. பத்தாம் நாள் அவர் உதடு நீலம் பாரித்தது. இருபதாம் நாள் இளைப்பு குறைந்து, அதற்குப் பதிலாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் குணம் வந்தது. ரேடியோவைத் திட்டினார், பருப்பில் உப்பைத் திட்டினார். வடிவு பட்டாபியின் கடிதத்தை எடுத்து, இன்னொன்று ஏறும் என்ற வரியை மறுபடி படித்துப் பார்த்துவிட்டு, அவர் முதுகைத் தடவிவிட்டாள். நாற்பதாம் நாள் காலையில் தொட்டித் தண்ணீர் தெளிந்திருந்தது. மிச்சமிருந்த இரண்டு மீன்களும் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தன. தட்சிணாமூர்த்தி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார், சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. வடிவும் இழுத்தாள். கல் பழுத்துவிட்டது என்று இருவரும் சந்தோஷப்பட்டார்கள். அவர் அலுவலகத்துக்குப் போனார்.

சித்திரையில் ஒரு மத்தியானம் மின்சாரம் போனது. வழக்கம்போல இறங்கி ஓடிவந்த மல்ஹோத்ரா அம்மாள், வடிவே தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து மீன்களுக்காகக் குழாயை ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கன்னம் உப்பியிருந்தது, முகத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. அந்த அம்மாள் சற்று நேரம் நின்று பார்த்தாள். "அச்சா" என்று சொல்லிவிட்டு, பிசைந்து வைத்த மாவு காய்ந்துவிடும் என்று மாடிக்குப் போய்விட்டாள். வடிவுக்கும் அப்போதுதான் யோசனை வந்தது, தன் மூச்சு இப்போது எங்கே போய் வருகிறது என்று.

ஆனி மாதம் ஒரு காலை, ஒன்பது மணிக்குச் சற்று முன், வடிவு அடுக்களையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. இளைப்பில்லை, ஓடி வந்தவளுக்கு வாங்குவது போல. இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது. அவள் மிச்சக் காயையும் நறுக்கி முடித்தாள். சாயங்காலம் தட்சிணாமூர்த்தி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்:

"காலையில பஸ்ஸுக்கு ஓடினியளா?"

அவர் ஆமாம் என்றார். மறுநாளிலிருந்து வீட்டைவிட்டுப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினார். 1989-இல் ஓய்வு பெறும் வரை தட்சிணாமூர்த்தி எந்தப் பஸ்ஸுக்கும் ஓடியதில்லை.