எண்பத்திரண்டு

கொல்லைக் கதவைத் தாழிடுவதற்குள் அப்பா கேட்டுவிட்டார்.

“எவ்ளோ?”

“எம்பத்திரெண்டு,” என்றாள் மகள். தலை துவட்டும் சாக்கில் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கொல்லையை ஒட்டிய ஏரியின் அளவுக் கம்பத்தில் அவள் பார்த்தது நூற்று மூன்று. மூன்று நாளாக மழை. புயல் காற்று கடலை முகத்துவாரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. நாலா பக்கத் தண்ணீரும் ஏரிக்கு வந்தது, கடலோ ஒரு சொட்டும் வாங்க மாட்டேன் என்றது. நூறைத் தாண்டினால் ஏரி அலுவலகத்தார் லாரி அனுப்பிக் கீழத் தெருவைக் காலி செய்ய வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் அந்தக் கம்பத்தைப் படித்துச் சொன்னவர் அப்பா. தெருவுக்கே அவர் ‘சென்டிமீட்டர்’. நூறு என்று காதில் விழுந்தால் மனுஷன் குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நெஞ்சு நோயோடு படுத்திருப்பவர் எழுந்து நடந்தால் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் கைவிரித்திருந்தார்.

அவர் கண்ணயர்ந்ததும் அலுவலகத்துக்குத் தானே சொல்லிவிடலாம் என்றிருந்தாள். கரண்ட் போய் இரண்டு நாள். வீட்டில் உயிருள்ள போன் ஒன்றுதான், அதுவும் அவர் தலையணைக்கடியில். அவரோ கண்ணை மூடுவதாயில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போனாள், வாசலுக்குப் போனாள், திரும்பவும் ஜன்னலுக்கு வந்தாள்.

“செத்த உக்காரேன். உன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது,” என்றாள் அண்ணி.

மாடித் தண்ணீரை ஏரியில் கொட்டும் கொல்லைக் குழாய் மூன்று நாளாகப் பேயாய் இரைந்துகொண்டிருந்தது. இப்போது சத்தமில்லை. நல்லதாயிற்று, அப்பா தூங்குவார் என்று நினைத்தாள்.

“வெந்நீர் வச்சுக் கொண்டா,” என்றார் அப்பா. “அவசரமில்ல, நல்லாக் கொதிக்கட்டும். அண்ணியையும் கூட்டிட்டுப் போ, அடுப்பு ஈரமா இருக்கும்.”

டம்ளரோடு திரும்பியபோது போன் அவர் நெஞ்சின்மேல் கிடந்தது. முகம் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. அண்ணி மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு, “மாமா,” என்று அழத் தொடங்கினாள்.

மகள் போனை எடுத்தாள். கடைசியாகப் பேசியது அலுவலகத்தோடு, ஆறு நிமிஷத்துக்கு முன்னால். எண்பத்திரண்டு என்று சொல்லியிருப்பார். ஒரு நாளும் தப்பாகச் சொல்லாத மனிதரின் வாயில் தன் பொய்யை வைத்து அனுப்பிவிட்டாள். கீழத் தெருவில் தண்ணீர் வாசற்படி ஏறியிருக்கும். அந்த எண்ணையே திரும்ப அழுத்தினாள்.

“அப்பா கெடக்குறாரு, நீ போன நோண்டுறியே,” என்றாள் அண்ணி.

“ஒரு நிமிஷம் அண்ணி.”

அலுவலக எழுத்தர்தான் எடுத்தார்.

“சார், நான் சென்டிமீட்டர் பொண்ணு பேசுறேன். அப்பா சொன்ன எம்பத்திரெண்டு தப்பு. தப்பு என்னுதுதான்.”

“எம்பத்திரெண்டா? நூறு தாண்டிடுச்சுன்னுல்ல சொன்னாரு. லாரி கெளம்பிப் போயிடுச்சும்மா. கொல்லக் கொழாய் சத்தம் நின்னு போச்சாம். நூறு வந்தாத்தான் அதோட வாய் முங்குமாமே.” எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். “பொண்ணு எம்பத்திரெண்டுங்குறா, பயந்து போயிருக்கா, அவகிட்ட ஒண்ணும் கேட்டுக்காதீங்கன்னாரு. இப்ப எப்படி இருக்காரு?”

“இல்ல சார்,” என்றாள்.

அப்பாவை நிம்மதியாக வைத்திருக்கத்தான் பொய் சொன்னாள். அவரோ ஏரியின் பாரத்தையும் அவள் பொய்யையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, வாய் திறக்காமல் போயிருக்கிறார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“சரியான அளவு...” என்று இழுத்தார் எழுத்தர். “இப்பக் கேக்கக் கூடாது. ஆனா ரிஜிஸ்டர்ல எழுதணும்மா.”

“பாத்துட்டு வந்து சொல்றேன் சார்.”

“இந்த நேரத்துல எங்க போற?” என்று அண்ணி கேட்டபோது அவள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. துண்டை எடுக்கவில்லை. நேராகக் கட்டிலருகே போய், அவர் காதுப் பக்கம் குனிந்தாள்.

“நூத்தி ஆறுப்பா,” என்றாள்.