அப்பாவி கெட்டுப்போன குழாய்

அப்பாவியைக் கெடுத்தது தம்பிதான். வேண்டுமென்று செய்யவில்லை, வேண்டுமென்று செய்த எதுவும் அவனுக்கு அவ்வளவு துல்லியமாக வாய்த்ததும் இல்லை.

அப்பாவி என்பது அந்த ஆஸ்பத்திரியின் கிருமிக்கூடத்தில் வளர்க்கும் ஒரு பாக்டீரியா. எந்த மருந்து பட்டாலும் மறுபேச்சில்லாமல் சாகும். மருந்து தோய்த்த காகித வில்லைகளில் வீரியம் இருக்கிறதா என்று பார்க்க, நோயாளியின் கிருமிக்குத் துணையாக அதையும் தனித்தட்டில் பூசிச் சோதிப்பார்கள். ஆளுக்கொரு குழாயில் வளர்க்க வேண்டிய இரண்டையும் தம்பி ஒரே குழாயில் போட்டுவிட்டான். மனசு மேல்மாடி வார்டில் இருந்தது. அந்தக் கிருமிக்குரிய நோயாளி அவனுடைய அக்கா.

தலையில் பாதி வழுக்கை விழுந்து வெளிச்சமாகிவிட்டவனைக் கிருமிக்கூடமே தம்பி என்று கூப்பிடுவதற்கும் அக்காதான் காரணம். சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்று, "தம்பி இருக்கானா?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயரை ஒட்டவைத்துவிட்டாள்.

மறுநாள் ஒரு குழாய் கலங்கியிருந்தது, இன்னொன்று எதுவும் வளராமல் தெளிவாக இருந்தது. தம்பிக்கு விஷயம் புரிந்தது. கொட்டியிருக்கலாம். கொட்டாமல் தட்டில் பூசினான். இரண்டும் தனித்தனியாக முளைத்தன. அக்காவின் கிருமி சளிபோலப் பிசுபிசுப்பு. அப்பாவி உலர்ந்த புள்ளி. இரண்டையும் பிரித்து, மருந்து வில்லைகளை வைத்தான்.

அக்காவின் கிருமி எந்த வில்லைக்கும் அசையவில்லை. அது முதல் சோதனையிலேயே தெரிந்ததுதான். ஆனால் அப்பாவியும் வில்லைகளை உரசிக்கொண்டு, மாமனார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி சட்டமாக வளர்ந்திருந்தது.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவியே சாகவில்லை என்றால் வில்லைகள் செத்துவிட்டன என்று அர்த்தம். அப்படியானால் அக்காவின் ரிப்போர்ட்டும் பொய். மாடிக்கு ஓடினான்.

"அக்கா, உன் ரிப்போர்ட் தப்பா இருக்கும் போல. மருந்து கேக்கும்."

அக்கா கண்ணைத் திறந்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"யாரு பண்ண தப்பு?"

"நான்தான்."

"அப்ப நம்பலாம்டா. தப்பு பண்றதுல நீ தப்பே பண்ண மாட்ட."

சிரிக்கப் போய் இருமினாள். வெகுநேரம் இருமினாள்.

கீழே மேடம் தட்டுகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருமிக்கூடத்தின் தலைமை டாக்டர். மழை நின்றுவிட்டதா என்று கேட்டால்கூட, "மேற்கொண்டு பாக்கணும்" என்பவர்.

"ஃப்ரீசர்ல இருக்கிற பழைய அப்பாவிய எடுத்து, இதே டப்பா வில்லைய வெச்சுப் பாரு, தம்பி."

பார்த்தான். இரண்டு நாளில், ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் கிருமி வளராத அகலமான வெற்று வட்டம். வில்லைகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஃப்ரீசர் அப்பாவி முறைப்படி செத்திருந்தது. குழாய்க்குள் அக்காவின் கிருமியோடு ஒரு ராத்திரி இருந்த அப்பாவிதான் மாறியிருந்தது.

"உங்க அக்காவோட கிருமிக்குள்ள ஒரு சின்ன வளையம் இருக்கு," என்றார் மேடம். "அது தனி டிஎன்ஏ. பக்கத்துல எது இருந்தாலும் ஒட்டிக்கிட்டு, அதோட நகல் ஒண்ணக் குடுத்துடும். தன்னோடதையும் வெச்சுக்கும். சொந்தமா, அந்நியமான்னு பாக்காது."

"ஒரே வளையத்துல எல்லா மருந்துக்கும் பதிலா?"

"பஸ் மாதிரின்னு வெச்சுக்கோயேன். மருந்த ஏமாத்துற துண்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறுத்தத்துல தாவி ஏறியிருக்கு. எங்க எங்கன்னு யாருக்கும் தெரியாது. ஏறினது எறங்கல."

"அக்காவும் இப்படித்தான் மேடம். ரெண்டு இட்லி இருந்தா ஒண்ண அடுத்த வீட்டுக்குக் குடுத்துடுவா," என்றான் தம்பி. யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

வார்டில் இன்னும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வார்டு டாக்டரைக் கேட்டால் "பாக்கலாம்" என்றார். நர்ஸ், "டாக்டரக் கேளுங்க" என்றாள். அக்கா வீட்டுக்காரர், "நீதானே உள்ள வேலை பாக்குற, நீ சொல்லு" என்றார்.

தம்பி தட்டுகளை மூடினான். கையுறையைக் கழற்றாமலே நின்றான்.

"மேடம், மேற்கொண்டு பாக்கணும்னு மட்டும் சொல்லாதீங்க. அக்கா பொழைப்பாளா?"

மேடம் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

"மாட்டாங்க, தம்பி. இனிமே குடுக்க எதுவும் இல்ல. கையக் கழுவிட்டு மேல போ. அவங்க முழிச்சிருக்கும்போதே பக்கத்துல போய் உக்காரு."