பூட்டிய தூதரகத்தின் வாடகை

எங்கள் கடையில் திரைச்சீலை தைக்கும் கேதீஸ்வரி தையல் மெசினை நிறுத்திவிட்டு, கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“மஜீட் காக்கா, இதப் பாருங்க. வயிறு எரியுது.”

அவளுடைய புருசன் உதயரூபன் அனுப்பிய வீடியோ. அவன் வேலை செய்யும் நாட்டில் இருந்த நமது தூதரகத்தை, செலவு கூடிப்போச்சென்று சென்ற வருடம் மூடிவிட்டார்கள். வீடியோவில் அதே கட்டடம். கேற்றில் பூட்டு. உள்ளே லைட் எரிகிறது, ஏசி ஓடுகிறது, காவல்காரன் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். குத்தகை முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதாம். அதுவரை கொழும்பிலிருந்து வாடகை போகுமாம். காவல்காரனே சொல்கிறான்.

உதயரூபனின் பாஸ்போட் டிசம்பர் இருபத்தேழோடு காலாவதி. புதுப்பிப்பதென்றால் பக்கத்து நாட்டுத் தூதரகத்துக்கு விமானத்தில் போகவேண்டும். விமானத்தில் ஏற்றுவதற்கு பாஸ்போட்டில் ஆறு மாதம் மிச்சமிருக்கவேண்டும். இது நவம்பர். இருபத்தெட்டாம் திகதி விடிந்தால் அவன் களவாகத் தங்கியிருப்பவன். பிடித்தால் மறியல் கம்பிக்குள், அதன்பிறகு வெறுங்கையோடு சொந்த ஊர் வவுணதீவுக்கு.

நான் பள்ளிக்கூடம் விட்டதும் காத்தான்குடிக் கடைவீதியில் வாப்பாவின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன். ‘மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கடையை விடலாம்’ என்று ஒரு வரி எழுதாமல் வாப்பா எந்தக் குத்தகையிலும் கையெழுத்து வைத்ததில்லை. கச்சான் கடலை வண்டிக்காரனுக்கும் தெரிந்த அந்த வரி, கோட்டும் டையும் போட்ட இத்தனை பேரில் ஒருவருக்காவது தோன்றவில்லையா?

அந்தக் கிழமையே வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் நடமாடும் சேவை மட்டக்களப்புக்கு வந்தது. மேடைக்குப் பின்னால் தொங்கவிடும் பளபளக்கும் நீலச் சற்றின் துணி எங்கள் கடையில்தான் ஓடர். தைத்தவள் கேதீஸ்வரி. துணியைக் கட்டப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சேவையை நடத்த வந்த பணிப்பாளர் கொழும்புத் தமிழர். வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். அங்கே ஒரு உத்தியோகத்தரை அனுப்பிச் சீல் குத்தலாமே என்று கேட்டேன்.

“வரவுசெலவில கட்டட வாடகை ஒரு தலைப்பு, ஹாஜியார். உத்தியோகத்தர் பயணம் வேற தலைப்பு. வாடகைக்குக் காசு ஒதுக்கியிருக்கு. பயணத்துக்கு ஒதுக்கினது ஒக்டோபரிலயே முடிஞ்சுது. அதிலயிருந்து எடுத்து இதில போடத் திறைசேரி விடாது.”

“கடைக்கு வாடகையும் குடுத்துப்போட்டு, ஆளில்லாமப் பூட்டி, உள்ளுக்கு லைட்டும் போட்டு வெச்சிரிக்கிற முதலாளிய நான் இண்டைக்குத்தான் காணுறன் சேர்.”

கேதீஸ்வரி முன்னால் வந்தாள். “சேர், அவர் அனுப்புற டொலர் மட்டும் நாட்டுக்கு வேணும். அவருக்கு ஒரு சீல் குத்திவிடக் காசில்லையா?”

“உங்கட கவலை விளங்குதம்மா. ஒரு கடிதம் எழுதித் தாங்க.”

“நாலு தந்திட்டன். ஐஞ்சாவதையும் அந்தப் பூச்சாடிக்க போடவா?”

நான் கதிரையை இழுத்துப் போட்டேன்.

“இந்த நடமாடும் சேவைக்கு எந்தத் தலைப்பு சேர்?”

“அது தனி ஒதுக்கீடு. போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் அதுக்குள்ள. வருசத்துக்கு ஆறு. இது நாலாவது.”

“மிச்சம் ரெண்டுக்குரிய காசு?”

“டிசம்பர் முப்பத்தோராம் திகதியோட திறைசேரிக்குத் திரும்பும்.” குரல் இறங்கியது. “அடுத்த வருசம் அவ்வளவையும் குறைச்சுத்தான் தருவாங்க.”

உச்சி வெயிலில் கூடையில் இறால் மிஞ்சிய வியாபாரியின் முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதே முகம்தான் எதிரே இருந்தது.

“எங்க வெக்கணுமெண்டு சுற்றறிக்கையில இரிக்கா?”

“‘சேவை தேவைப்படுவோர் அதிகமுள்ள இடத்தில்.’ அவ்வளவுதான்.”

“அந்த நாட்டில நம்மட ஆக்கள் மூவாயிரம் பேர் சீலுக்குக் காத்திரிக்கிறாங்க சேர். மண்டபம் தேட வேணாம், வாடகை நீங்கதான் குடுக்கிறீங்க. லைட்டும் எரியுது. பூச்சாடியும் வாடல்ல.”

பணிப்பாளர் சிரிக்கவில்லை. சுற்றறிக்கையை எடுத்து இரண்டு தரம் வாசித்தார்.

டிசம்பர் இருபத்திரண்டில், ஐந்தாவது நடமாடும் சேவைக்காகத் தூதரகத்தின் பூட்டைத் திறந்தார்கள், இரண்டே நாளைக்கு. முதல் நாள் விளக்கேற்றவும் வாழ்த்துச் செய்தி வாசிக்கவும் இரண்டு மணித்தியாலம் போனது. சனம் வெளியே வரிசையில் நின்றது. உதயரூபனின் முறை வந்தது இரண்டாம் நாள் பின்னேரம்தான். படம் அனுப்பினான்: ஒரு வருட நீடிப்புச் சீல் குத்திய பாஸ்போட் கையில், முதுகுக்குப் பின்னால் நீலச் சற்றின்.

“காக்கா! இது நான் தைச்ச துணியல்லோ! நூல் முடிஞ்சு கறுப்பு நூல் ஓட்டின இடம், இந்தா!”

புதுத்துணிக்கு ஒதுக்கீடு இல்லையென்று மட்டக்களப்புத் துணியையே மடித்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். கேதீஸ்வரி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நானும் சிரித்திருக்கலாம். ஆனால் படத்தில் அவன் தோளுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே முகங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. மூவாயிரத்தில் நானூறு பேருக்குத்தான் சீல் விழுந்ததாம்.

“மத்தவங்கட கெதி?” என்றாள் அவள், சிரிப்பு அடங்கி.

அன்று இருபத்துமூன்று. ஆறு சேவைகளில் இன்னும் ஒன்று மிச்சம், காசு திரும்புவதற்கு எட்டு நாள். நான் பணிப்பாளரின் நம்பரை அழுத்தினேன்.

“சேர், அதுக்குள்ள கடையப் பூட்டிப்போடாதீங்க. ஆக்கள் இன்னும் வாசல்ல நிக்கிறாங்க.”