நாற்காலி அருங்காட்சியகத்தில் நிற்பவள்

“எங்கம்மா உக்கார ஒரு நாற்காலி வேணும்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நேரிங்காவிடம் அவள் அம்மா ஜெனுத்தே சொல்லிவைத்திருந்தாள். சம்பளம் பத்தலைன்னு கேளு. லீவு கேளு. கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியில்லன்னுகூடக் கேளு. நாற்காலி மட்டும் கேக்காத. எனக்கு முன்னாடி இருந்தவ கேட்டா. இப்ப அவ எங்க இருக்கான்னே தெரியல.

நேரிங்கா கேட்டுவிட்டாள்.

டைரக்டர் லெயோனாஸ் தன் சுழல் நாற்காலியில் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே நவம்பர் மழை. மறுபடி அவள் பக்கம் திரும்பினார்.

“நாற்காலியா?”

அப்படி ஒரு பொருள் உலகத்தில் இருப்பதையே இப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி இருந்தது அவர் முகம். அந்த மனிதர் நடத்துவது நாற்காலி அருங்காட்சியகம்.

கௌனாஸ் நகரத்தின் மேட்டுப் பகுதியில், மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலிபஸ் வளைந்து திரும்பும் இடத்துக்குப் பின்னால், பச்சைப் பெயின்ட் உரிந்த மரவீடு. நான்கு அறைகளிலும் நாற்காலிகள். பல் டாக்டரின் நாற்காலி, முடிதிருத்துபவரின் நாற்காலி, நாடகக் கம்பெனி ராஜாவின் அட்டைச் சிம்மாசனம், டிராக்டரிலிருந்து கழற்றிய இரும்பு இருக்கை, பால் கறக்கும் முக்காலி. ஒவ்வொன்றைச் சுற்றியும் சிவப்புக் கயிறு. கீழே நகரத்துக்குள் பிசாசு பொம்மைகளின் அருங்காட்சியகத்தைப் பார்த்து முடித்தவர்கள், இதைவிடக் கிறுக்காக ஏதாவது கிடைக்குமா என்று மேடேறி இங்கே வருவார்கள்.

வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டுவது ஜெனுத்தேயின் வேலை. பிறகு அவர்களுக்கு முன்னால் நடந்து ஒவ்வொரு அறையிலும் விளக்கைப் போட வேண்டும், அவர்கள் வெளியேறியதும் அணைக்க வேண்டும். யாராவது கயிற்றைத் தாண்டினால், “தயவுசெஞ்சு உக்காராதீங்க” என்று சொல்ல வேண்டும். ஆள் வராத நேரத்தில் சும்மா இருக்கலாம், நின்றபடி. காலுறை மில்லில் எந்திரத்துக்கு முன்னால் நின்ற கால்கள் மில் மூடியதும் இங்கே வந்து நின்றன. நரம்பு முடிச்சுகளுக்கு மேல் கட்டுத்துணி, அதற்கு மேல் கம்பளிக் காலுறை. இரவு அதைக் கழற்றும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் நேரிங்கா டைரக்டரின் அறைக்குள் வந்து நிற்கிறாள்.

“பாரும்மா,” என்றார் லெயோனாஸ், பொறுமையாக. அந்தப் பொறுமைதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இது பஸ் ஸ்டாண்டு இல்ல. உக்காராதீங்கன்னு சொல்ற ஆளே உக்காந்திருந்தா யார் கேப்பா? நீ படிச்சவ. உனக்குத் தெரியாதா?”

“கோட்டு மாட்டுற இடத்துல ஒரு ஓரமாப் போட்டா யாருக்கும் தெரியாது சார்.”

“தெரியும். வாசல்லயே முதல்ல கண்ணுல படுறது அதுதான். உள்ள இருக்கறதுல சேர்த்தியா, இல்லையான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?”

“நாற்காலின்னு சொல்லுங்க.”

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. போன வருடம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது தேனும் எலுமிச்சையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தவர். நல்லவர்களோடு சண்டை போடுவதைப் போல அலுப்பான வேலை வேறு கிடையாது.

கோட்டு அறையில் அம்மா காத்திருந்தாள்.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“அறிவு கெட்டவளே! உன்னைப் படிக்க வச்சது இதுக்கா?”

“வேற எதுக்காம்?”

ஜெனுத்தே கையில் இருந்த கோட்டு மாட்டியால் மகளின் தோளில் ஒன்று வைத்தாள். அவர்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை. அப்பா ஸ்டாசிஸ் டிராலிபஸ் பணிமனையில் எண்ணெய்க் கையோடு ஓய்வு பெற்றவர். நேரிங்கா கலை வரலாறு படித்துப் பட்டம் வாங்கினாள். அந்தப் பட்டத்தைப் பார்த்து இந்த ஊரில் அவளுக்கு வேலை கொடுத்த ஒரே ஆள் லெயோனாஸ்தான். அதுவும் அம்மா கேட்டதற்காக. வருகிறவர்களிடம் நாற்காலிகளைப் பற்றிப் பேசுவதுதான் அவள் வேலை.

மறுநாள் நேரிங்கா அப்பாவின் மீன்பிடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உறைந்த ஏரியில் துளை போட்டு நாளெல்லாம் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்தப் பெட்டி. உள்ளே நூலும் முள்ளும் ரொட்டியும் இருக்கும். மூடிக்கு மேலே அப்பா தன் பழைய கோட்டின் கையை வெட்டி மெத்தையாகத் தைத்திருந்தார்.

“இது நாற்காலி இல்ல. பெட்டி,” என்றாள் அம்மாவிடம். “கேட்டா அப்படியே சொல்லு.”

ஜெனுத்தே கோட்டுகளுக்குப் பின்னால் அதைப் போட்டு உட்கார்ந்தாள். கறுப்பு ரொட்டியைப் பிட்டுத் தின்றாள். காலை நீட்டிக் கெண்டைச் சதையைத் தேய்த்துக்கொண்டாள். மதியம் வரை அந்த வீட்டிலேயே சந்தோஷமான ஆள் அவள்தான்.

மதியம் லெயோனாஸ் தன் கோட்டை எடுக்க வந்தார். ஜெனுத்தே துள்ளி எழுந்தாள்.

“இது நாற்காலி இல்ல சார், பெட்டி...”

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. குனிந்து பெட்டியைச் சுற்றி வந்தார். மெத்தையைத் தடவினார்.

“அடடா! கோட்டுக் கையா இது? யார் தச்சது?”

“என் வீட்டுக்காரர்.”

“ஜெனுத்தே அம்மா, இத்தனை வருஷமா இதை எங்கிட்ட மறைச்சு வச்சிருந்தீங்களே!”

மறுநாள் காலையில் பெட்டி மூன்றாம் அறையில் இருந்தது. டிராக்டர் இருக்கைக்கும் பால் முக்காலிக்கும் நடுவில், கயிற்றுக்குள். மேலே தனியாக ஒரு விளக்கு வேறு. பெயர்ப்பலகை எழுதும் வேலை நேரிங்காவுக்கு. ‘இந்த நாற்காலிகளைக் காக்கிற பெண் உட்காருவதற்காகக் கொண்டுவந்தது’ என்று எழுதினாள். லெயோனாஸ் அதை அடித்துவிட்டு, ‘பனிமேல் ஒரு மனிதனின் தனிமை’ என்று எழுதினார்.

“எங்கப்பாவுக்குத் தனிமையெல்லாம் கிடையாது சார். கூட எட்டுப் பேர் போவாங்க. குடிச்சிட்டுப் பாடுவாங்க.”

“பாக்க வர்றவங்களுக்கு அது தேவையில்ல.”

அடுத்த வாரம் நேரிங்கா தெருமுனைக் கடையிலிருந்து பீர் பாட்டில் அடுக்கும் கூடை ஒன்றை வாங்கி வந்து கவிழ்த்துப் போட்டாள். இதை எவன் காட்சிக்கு வைப்பான் என்றுதான் நினைத்தாள். இரண்டே நாளில் அது நான்காம் அறைக்குப் போய்விட்டது. ‘மாணவர் விடுதி இருக்கை’யாம். உட்காருவதற்கு எதைக் கொண்டுவந்தாலும் அதைச் சுற்றிக் கயிறு முளைத்தது.

ஜனவரியில் ஏரி உறைந்தது. இப்போது அப்பா வந்து பெட்டியைக் கேட்பார், அப்பா கேட்டால் லெயோனாஸால் மறுக்க முடியாது என்று நேரிங்கா நம்பியிருந்தாள். ஸ்டாசிஸ் வந்தார். சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கூடவே ஏரி நண்பர்கள் இருவர். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். தன் பெட்டிக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார்.

“லைட்டெல்லாம் போட்டிருக்காங்கடா!”

“எடுத்துக்கிட்டுப் போங்கப்பா,” என்றாள் நேரிங்கா. “உங்க பெட்டி.”

“சும்மா இரு. மியூசியத்துல இருக்கறத எவனாவது எடுப்பானா?”

“அப்ப ஏரியில எதுல உக்காருவீங்க?”

“வாளியைக் கவுத்துப் போட்டுக்குறேன்.”

நண்பர்களில் ஒருவர் கயிற்றைத் தாண்டி மெத்தையைத் தொடப் போனார். “தயவுசெஞ்சு தொடாதீங்க,” என்றாள் ஜெனுத்தே, சொந்தப் புருஷனின் நண்பனிடம், வேலைக்கான குரலில். மூன்று ஆண்களும் மரியாதையாகப் பின்னால் நகர்ந்தார்கள். நேரிங்கா தாழ்வாரத்துக்கு வந்து சுவரைக் காலால் உதைத்தாள்.

அந்த வாரமே லெயோனாஸ் அவளைக் கூப்பிட்டார். முகமெல்லாம் வெளிச்சம்.

“நீ கேட்டது எனக்கு மறக்கல. வழி கண்டுபிடிச்சிட்டேன். அம்மா உக்காரலாம்.”

“எங்க?”

“மூணாம் அறையில. காலுறை மில்லோட இரும்பு ஸ்டூல் ஒண்ணு கிடைச்சிருக்கு. தலையில துணி, மேல ஏப்ரன், கையில ஒரு காலுறை. நிஜ மில் தொழிலாளி! எந்த ஊர் மியூசியத்துல இருக்கு இப்படி? சனிக்கிழமையிலேருந்து ஆரம்பிச்சிடலாம்.”

“கயித்துக்கு உள்ளயா?”

“பின்ன? காட்சியில உக்காந்தா கயிறு வேணாமா? பேசக் கூடாது, அவ்வளவுதான். பேசினா அந்த உணர்வு போயிடும். லைட்டும் கோட்டும் இனிமே நீயே பாத்துக்க. எப்படியும் நின்னுக்கிட்டுதானே பேசுற.”

ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவும் மகளும் முட்டிக்கொண்டார்கள். உருளைக்கிழங்கு அடை ஆறிப்போனது.

“போகாதம்மா. உன்னைப் பொம்மையா வைக்கப் பாக்குறார்.”

“உக்காருன்னா உக்காருறேன். அதுல என்னடி கேவலம்?”

“கயித்துக்குள்ள உக்கார வைக்கிறாரு!”

“வெளிய நிக்க வச்சப்ப உனக்குக் கேவலமா தெரியலியா? நீதானே கேட்ட? கேட்டது கிடைச்சிருக்கு. வாங்கிக்கத் தெரியாத பொண்ணு.”

“நான் கேட்டது இது இல்ல.”

“எனக்கு வலிக்கிறது காலு,” என்றாள் ஜெனுத்தே, அடை மேல் தயிரை ஊற்றியபடி. “உனக்கு வலிக்கிறது வேற எங்கயோ.”

அப்பா தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார். நேரிங்கா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அம்மா சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் அவளைத் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை ஒரு பஸ் நிறைய ஓய்வூதியப் பெண்கள் வந்தார்கள், யோனவா ஊரிலிருந்து. பிசாசு பொம்மைகளைப் பார்த்துவிட்டு, மேடேறி, மூச்சு வாங்கிக்கொண்டு. நேரிங்கா கோட்டுகளை வாங்கி மாட்டினாள். லெயோனாஸ் அவள் காலைப் பார்த்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போடும் மாற்றுச் செருப்பு இல்லாமல் பனி ஒட்டிய பூட்ஸோடு நின்றாள்.

“செருப்பு எங்க?”

“மறந்துட்டேன்.”

முதல் அறையில் விளக்கைப் போட்டாள், பேசினாள், அணைத்தாள். இரண்டாம் அறையில் அப்படியே. “உக்கார எங்கயாவது இடம் இருக்காம்மா?” என்று ஒரு பாட்டியம்மா கேட்டாள். “இங்கயா? இல்லைங்க,” என்றாள் நேரிங்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் அறையில் விளக்கைப் போட்டதும் கயிற்றுக்குள் ஜெனுத்தே இருந்தாள். பூப்போட்ட தலைத்துணி, மடியில் பழுப்புக் காலுறை. அறைக்குள் ஆள் வரும் வரை இருட்டிலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

“மெழுகா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“கண்ணு சிமிட்டுதுடி!”

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு குட்டையாக ஒரு பெண் முன்னால் வந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஜெனுத்தே? ஏ ஜெனுத்தே! நான்தான்டி ப்ரோனே. பக்கத்து மெஷினு! மத்தியானம் உன் ரொட்டியைத் திருடித் தின்னேனே, மறந்துட்டியா?”

ஜெனுத்தேயின் உதடு அசைந்தது. கண் கதவுப் பக்கம் போனது. அங்கே லெயோனாஸ் நின்றிருந்தார். மெதுவாகத் தலையை இடவலமாக ஆட்டினார். ஜெனுத்தே வாயை மூடிக்கொண்டு காலுறையைப் பார்த்தாள்.

“என்னடி, கோவமா? ரொட்டிக்கா இன்னும் கோவம்?” ப்ரோனேயின் குரல் உடைந்தது.

நேரிங்கா கயிற்றின் கொக்கியைக் கழற்றினாள். அம்மாவைச் சுற்றியிருந்ததை முதலில். பிறகு டிராக்டர் இருக்கை, பால் முக்காலி, அப்பாவின் பெட்டி. கயிறுகள் தரையில் விழுந்தன.

“உக்காருங்க,” என்றாள். “கால் வலிக்குதுல்ல? எல்லாரும் உக்காருங்க. பக்கத்து ரூம்லயும் இருக்கு. பல் டாக்டர் சேர் ரொம்ப நல்லா இருக்கும்.”

 முன்பு இடம் கேட்ட பாட்டியம்மா பால் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, “அப்பாடா,” என்றாள். அந்தச் சத்தம் போதுமாயிருந்தது. கூட்டம் கலைந்து இருக்கைகளுக்குப் பாய்ந்தது. ப்ரோனே போய் உட்கார்ந்தது நேரிங்காவின் அப்பாவுடைய பெட்டியில்.

“எழுந்திருங்க! அந்த முக்காலி நூறு வருஷத்துப் பொருள்!” என்று கத்தினார் லெயோனாஸ். “ஜெனுத்தே அம்மா! என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க?”

ஜெனுத்தே எழுந்தாள். அந்த வீட்டில் உட்கார இடம் கிடைத்த ஒரே நாளில், எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவள் ஒருத்தி எழுந்து நின்றாள். “தயவுசெஞ்சு உக்காராதீங்க,” என்றாள் பழகிய குரலில், ப்ரோனேயைப் பார்த்து.

“அம்மா!” என்றாள் நேரிங்கா.

“நீ வாயை மூடு. என் வேலைக்கு உலை வச்சிட்டியேடி.”

 நேரிங்கா கழுத்தில் தொங்கிய பெயர் அட்டையைக் கழற்றி, ‘பனிமேல் ஒரு மனிதனின் தனிமை’க்கு மேல் மாட்டினாள்.

“அந்தப் பெட்டி எங்கப்பாவுது. அவருக்கு வேணாமாம். ஆனா அது உக்காரறதுக்கு. இவங்க எழுந்துக்கற வரைக்கும் அதுல கயிறு கட்டாதீங்க சார்.”

“நீ எங்க போற? இன்னும் ஒரு அறை இருக்கு!”

“லைட்டு சுவிட்சு இடது பக்கம் இருக்கு.”

கோட்டு அறையில் தன் கோட்டை எடுத்தாள். செருப்புகள் வைக்கும் தட்டில் அம்மாவின் ஜோடி மட்டும் இருந்தது. பக்கத்தில், அவளுடையது இருந்த இடத்தில், தூசியில்லாமல் இரண்டு தடம். அந்தச் செருப்பை வெள்ளிக்கிழமை சாயங்காலமே காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டு எடுத்துப்போய்விட்டாள்.

உள்ளேயிருந்து ப்ரோனேயின் குரல் கேட்டது. “உன் கால் ஏன்டி இப்படி வீங்கியிருக்கு? நகர்றேன், நீயும் உக்காரு. பெட்டி பெருசாத்தான் இருக்கு.”

அம்மா உட்கார்ந்தாளா என்று பார்க்க நேரிங்கா நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் இறங்கினாள்.