களவெடுத்த ஹோயாவில் மாப்பூச்சி

நான் கள்ளி என்பதை வியாழக்கிழமை பின்னேரம் ஒரு பூச்சி வந்து எனக்கே நிரூபித்துக் காட்டியது.

எள்ளளவுதான் இருக்கும். நான் நட்டு வைத்திருந்த ஹோயாக் கொடித் துண்டின் இலையும் தண்டும் சேருகிற இடுக்கில், யாரோ மாவைக் கிள்ளி ஒட்டிவிட்டது போல வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. ஊசி முனையால் தொட்டேன். நகர்ந்தது! இலையைத் திருப்பினால் அங்கே ஒரு குடும்பமே குடியிருக்கிறது. மாப்பூச்சி!

நான் போட்ட கூச்சலில் என் கணவர் மக்கீன் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வந்தார்.

"என்ன, பூரானா?"

"பூரான்டா அடிச்சிப் போடலாமே! இது மீலிபக்!"

"எங்கேந்து வந்த?"

அந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் மரியாதையான பதில் இல்லை. மூன்று கிழமைக்கு முன்னர் பத்மாதேவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஹந்தானை வீதியில் ஒரு மாடி வீட்டில் தனியாகச் செடிகளோடு இருக்கிறார். அவருடைய யன்னலில் தொங்கும் ஹோயாவின் இலைகளில் வெள்ளி தெளித்த மாதிரிப் புள்ளிகள். கண்டி முழுக்கத் தேடினாலும் அப்படி ஒன்று கிடையாது. அதில் ஒரு துண்டு கேட்ட எவருக்கும் அக்கா கொடுத்ததும் கிடையாது. அவர் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போன நேரத்தில் என் கை தானாக நீண்டது. இரண்டு இலைத் துண்டு. கிள்ளினேன், கைப்பைக்குள் போட்டேன், சிப்பை இழுத்தேன். களவெடுத்த கண்டுதான் தழைக்கும் என்று சொல்லாத பெண் எங்கள் மடவளையில் இல்லை. ஆகவே அதை நான் ஒரு களவாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அது பூச்சியோடு நிற்கிறது. என்னுடைய மற்றச் செடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. அப்படியென்றால் பூச்சி அக்கா வீட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அல்லாஹ் என்னைப் பொறுக்கட்டும், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். சனிக்கிழமை கண்டியில் எங்கள் வீட்டுச் செடிச் சங்கத்தின் கண்காட்சி. வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளில் மூன்று வருடமாக முதற்பரிசு பத்மாதேவி அக்காவுக்கு. மூன்று வருடமாக இரண்டாம் பரிசு எனக்கு. அந்த இரண்டாம் கோப்பைகளை நான் அலுமாரிக்குள் துணிக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறேன். சங்கத்தின் ஏழாம் விதியோ கல்லில் வெட்டியது போல இருக்கிறது: மண்டப வாசலில் பூச்சி காணப்பட்டால் செடி அந்த இடத்திலேயே திரும்ப வேண்டும், அந்தப் பூச்சி இன்னொரு போட்டியாளரின் வீட்டிலிருந்து வந்திருந்தால் அவருடைய செடியும் திரும்ப வேண்டும். அந்த விதியை எழுதியவரே அக்காதான். எழுதியவரையே அது வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப் போகிறது!

"நீ வாயப் பொத்திட்டு ஈந்தாப் போதும்," என்றார் மக்கீன். "கப் தானா மடவளைக்கு பஸ் ஏறி வரும்."

எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. அப்போதுதான் வட்ஸ்அப்பில் அக்காவின் படமும் குரல் பதிவும் வந்து விழுந்தன.

"பஸ்லினா, படத்தைப் பாரும்! இந்த முறை ஹோயாவில தேன் எப்பிடி வடியுதெண்டு! இலையெல்லாம் பளபளக்குது. எறும்பு கூட வந்திட்டுது, அவ்வளவு இனிப்பு! கண்ணுக்கு இன்னும் ஒப்பரேசன் செய்யேல்லத்தானே, பூக்குலையளைத் தொட்டுத் தொட்டுத்தான் எண்ணினனான். பதினொரு குலை, பஸ்லினா!"

ஹோயாப் பூவில் தேன் வடியும், உண்மைதான். ஆனால் இலை முழுக்கப் பளபளக்காது. படத்தில் பளபளத்தது மாப்பூச்சி கழித்த கழிவு. எறும்பு வந்ததும் அதற்குத்தான். அதைத் தேன் என்று நினைத்து ஒரு மனுஷி இப்படிப் பூரித்துப் போயிருக்கிறார்.

அந்தப் பதிவை மூன்று தடவை கேட்டேன். மஃரிப் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் நான் இருந்தேன். கைப்பைக்குள் பூச்சியைக் கொல்லப் பாமசியில் வாங்கிய ஒரு போத்தல் ஸ்பிரிட், காதுக் குச்சி இரண்டு பெட்டி, டோர்ச், வேப்பெண்ணெய். மூன்று பொலித்தீன் பைக்குள் முடிச்சுப் போட்டு அந்தக் களவுத் துண்டு. திட்டம் சுலபமானது. தற்செயலாகப் போவது, தற்செயலாகப் பூச்சியைக் காண்பது. துண்டு பைக்குள்ளேயே கிடக்கட்டும். பாம்பும் சாக வேண்டும், தடியும் முறியக்கூடாது.

கண்டியில் இறங்கி ஓட்டோ பிடித்து மேலே ஏறினேன்.

"என்ன பஸ்லினா, விடிய வெள்ளண?" என்று கதவைத் திறந்தார் அக்கா.

"டவுனுக்கு வந்த அக்கா. அப்பிடியே எட்டிப் பார்த்துட்டுப் போவமேண்டு."

யன்னலில் ஹோயா, நுளம்பு வலைத் துணியைப் போர்த்திக்கொண்டு மணப்பெண் மாதிரித் தொங்கியது. கிட்டப் போனேன்.

"தொடாதையும்! நாளைக்குப் போட்டி."

"தொட இல்ல அக்கா. எலைக்குக் கீழ ஒருக்கா டோர்ச் அடிச்சுப் பார்ப்பமா? எறும்பு வந்தீக்கிண்டா பூச்சியும் ஈக்கும்."

"ஒரு பூச்சியும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்."

டோர்ச்சை எடுக்கப் பையைத் திறந்த அவசரத்தில் ஸ்பிரிட் போத்தல் வெளியே விழுந்து, உருண்டு உருண்டு போய் அக்காவின் காலடியில் நின்றது. எடுத்து, கண்ணுக்கு ஒட்டினாற்போலப் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். முகம் மாறியது.

"நாளைக்குப் போட்டி. இண்டைக்கு ரெண்டாம் பரிசுக்காரி ஸ்பிரிட் போத்தலோட என்ர வீட்டுக்கு வாறா. நல்லாயிருக்கு."

"அக்கா, அல்லாவே, நான்..."

"நீர் போட்டு வாரும், பஸ்லினா." கதவை அகலத் திறந்து பிடித்தார்.

வாசற்படி வரைக்கும் வந்துவிட்டேன். இறங்கிப் போயிருக்கலாம். என் மானம் பைக்குள் பத்திரமாக இருந்திருக்கும், கோப்பையும் என் கைக்கு வந்திருக்கும். திரும்பினேன், பொலித்தீன் முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன், துண்டை மேசையில் வைத்தேன்.

அக்கா இலையை விரலால் தடவினார். வெளிச்சத்தில் பிடித்து அந்த வெள்ளிப் புள்ளிகளைப் பார்த்தார்.

"இது என்ர ஹோயா."

"ஓ அக்கா. நான்தான் களவெடுத்த. நீங்க தேத்தண்ணி ஊத்தப் போன நேரம். ஏசுங்க, அடிங்க, சங்கத்துல சொல்லுங்க. ஆனா மொதல்ல இதப் பாருங்க. இது பூச்சியோடதான் வந்தீக்கி. நாளைக்கு வாசல்ல உங்களத் திருப்பி அனுப்பிப் போடுவாங்க!"

அக்கா உள்ளே போனார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் வலையை விலக்கி, இலையைத் திருப்பி, டோர்ச் அடித்தேன். ஓர் இலை, இரண்டு இலை, மூன்று இலை. எல்லா இடுக்கிலும் வெள்ளை வெள்ளையாக.

"ஐயோ," என்றார் மெதுவாக. "இதையோ நான் தேனெண்டு படமெடுத்து உமக்கு அனுப்பினனான்?"

கதிரையில் இருந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அரை நிமிடம்கூட ஆகவில்லை, அக்காவுக்குள் இருந்த கச்சேரி அதிகாரி எழும்பிவிட்டார்.

"களவைப் பிறகு கதைப்பம். இப்ப கையைக் கழுவிப்போட்டு வாரும்."

அப்படி ஒரு வேட்டையை நான் என் வாழ்நாளில் ஆடியதில்லை! ஹோயாவை இறக்கிக் குளியலறைக்குள் வைத்தோம். பதினொரு பூக்குலைக்கும் சொட்டுத் தண்ணீர் படாமல் பொலித்தீன் தொப்பி போட்டோம். நான் டோர்ச் அடித்து இடத்தைச் சொல்வது, அக்கா ஸ்பிரிட்டில் தோய்த்த காதுக் குச்சியால் தொடுவது. தொட்டவுடன் வெள்ளை மாவு கரைந்து, பழுப்பு நிறத்தில் பூச்சி செத்து ஒட்டிக்கொண்டு வரும். "இஞ்ச ஒண்டு!" "இதுக்குப் பின்னால ரெண்டு!" "ஓடுது, ஓடுது, பிடியும்!" கண் மங்கல் என்ற மனுஷியின் விரல் ஒன்றையாவது தவறவிட வேண்டுமே! ஒவ்வொரு இடுக்கையும் விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்தார். சாடியின் விளிம்பில், தொங்கவிடும் கம்பியின் கொளுக்கியில், வேரடி மண்ணில்கூட இருந்தன. மேல் மண்ணைச் சுரண்டி எறிந்தோம். இலைகளைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, வேப்பெண்ணெயைக் கலந்து மெல்லிசாகத் தெளித்தோம்.

வெள்ளிக்கிழமை என்பதால் அக்கா வீட்டில் மரக்கறிதான். இடியப்பமும் சொதியும் போட்டார். பக்கத்தில் இருந்து பரிமாறினார். களவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏசியிருந்தால் எனக்குச் செமித்திருக்கும்.

நாலு மணிக்குக் கடைசியாக ஒரு தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை! நான் துள்ளினேன். அக்காவும் சிரித்தார். வாசலில் செருப்புப் போடும்போது, "நாளைக்குச் சந்திப்பம்" என்று மட்டும் சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை காலை எனக்கு இன்னொரு அதிசயம். நான் போட்டிக்கு வைத்திருந்த கலத்தியாச் செடியில், பத்து நாளாகச் சுருட்டு மாதிரிச் சுருண்டு நின்ற புது இலை, கண்காட்சி நாளைப் பார்த்து விரியத் தொடங்கியிருந்தது! மக்கீனின் வேனில் சாடியை மடியில் வைத்துக்கொண்டு கண்டி வரைக்கும் ஸலவாத் ஓதிக்கொண்டு வந்தேன்.

மண்டப வாசலில் மேசை போட்டு, லென்சோடு ஹபீல் சேர் இருந்தார். ஓய்வு பெற்ற விவசாயப் போதனாசிரியர். எங்கள் ஊர்க்காரர்தான், மக்கீனோடு ஒரே பள்ளியில் ஜும்ஆ தொழுகிறவர். எனக்கு முன்னால் பத்மாதேவி அக்கா. ஹபீல் சேர் ஹோயாவை இலை இலையாகப் பார்த்தார். "அருமை, மிஸ்" என்றார். அக்கா சாடியோடு உள்ளே போனார். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

பிறகு என் கலத்தியா. கீழ் இலை சரி. நடு இலை சரி. புது இலையைச் சற்று விரித்துப் பார்த்தவர், லென்சை இன்னும் கிட்டக் கொண்டு போனார்.

"தங்கச்சி, ஒண்டு ஈக்கிதே."

நானும் பார்த்தேன். சுருளுக்குள்ளே, வெள்ளையாக, சொகுசாக ஒன்று. ஒரு முழு நாள் அடுத்தவர் வீட்டுப் பூச்சியைத் துரத்திவிட்டு, என் வீட்டுப் பூச்சியை நானே மடியில் தூக்கி வந்திருக்கிறேன்!

"ஏழாம் விதிப்படி கேக்கத்தான் வேணும். இது எங்கேந்து வந்த? மூணு மாசத்துக்குள்ள வீட்டுக்கு வந்த புதுக் கண்டு ஒண்டும் இல்லண்டு ஃபோர்ம்ல எழுதியீக்கிறீங்க."

எழுதியிருந்தேன். "களவெடுத்தது" என்று எழுத அந்தப் பத்திரத்தில் ஏது இடம்? எனக்குப் பின்னால் இருபது பெண்கள், அதில் மூன்று பேர் எங்கள் ஒழுங்கையில் அடுத்தடுத்த வீடு. உண்மையைச் சொன்னால் என் மானமும் போகும், அக்காவின் ஹோயாவும் வெளியே வரும்.

"தெரியா சேர். என்ட செடியத் திருப்பி அனுப்புங்க."

"தெரியாதெண்டா எப்பிடி? அப்ப ஃபோர்ம் பொய்யா?"

பின்னால் குசுகுசுப்புக் கிளம்பியது. சாடியை மேசையிலிருந்து எடுக்கக் கை நீட்டினேன்.

"அது என்ர வீட்டுப் பூச்சி, மிஸ்டர் ஹபீல்."

உள்ளே போன பத்மாதேவி அக்கா வாசலில் நின்றார்.

"நான் குடுத்த ஹோயாக் கண்டோட போனது. அவ எழுத மறந்திட்டா போல கிடக்கு."

ஹபீல் சேர் எழும்பியே விட்டார். "மிஸ், அப்பண்டா ஏழாம் விதிப்படி உங்கட செடியும்..."

"எனக்கு அதை வாசிச்சுக் காட்ட வேண்டாம். எழுதினதே நான்தான்."

உள்ளே போனார். பதினொரு குலை பூத்த ஹோயாவை, மேடையில் வைத்த இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு, அந்த இருபது பேரையும் கடந்து தலை நிமிர்ந்து வெளியே நடந்தார். நான் கலத்தியாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

படியில் இருவரும் சாடிகளை வைத்துவிட்டு இருந்தோம். என் கண்ணீர் நிற்கவில்லை.

"ஏன் அக்கா? எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே!"

"பொய்யோ?" அக்கா கைக்குட்டையை நீட்டினார். "அந்தக் கண்டை உமக்கு நான் குடுத்திட்டன். எப்ப குடுத்தனானெண்டு அவர் கேக்கேல்லையே."