ஆள் பார்த்து ஸ்டார்ட் ஆகும் வண்டி

அந்தச் சலவைக் கம்பெனியில் அவனை எல்லாரும் லேட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால்வரை அவனுக்கு நல்ல பெயர்தான். ஆஸ்பத்திரிக்குத் துவைத்த படுக்கை விரிப்புகளைக் காலை ஆறு மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. வண்டி பதினெட்டு வயசான பெட்ரோல் ட்ரக். ராத்திரி முழுக்க நின்றுவிட்டு விடிகாலையில் கிளம்ப மாட்டேன் என்று அது அடம்பிடிக்க ஆரம்பித்ததும் இவன் மானம் கப்பலேறியது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வண்டிக்கு இருந்த குசும்பு மனுஷனுக்குக்கூட இருக்காது. தனியாக இவன் சாவியைத் திருகினால் குர்ர் குர்ர் என்று இழுத்துக்கொண்டே இருக்கும், பிடிக்காது. பேட்டரிக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்து, பத்துத் தடவை, பதினைந்து தடவை ஆகும். ஒரு வழியாகப் பிடிக்கும்போது மணி ஆறு ஆகியிருக்கும். சரி, மெக்கானிக்கிடம் காட்டுவோம் என்று அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தால், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முதல் திருகிலேயே ஸ்டார்ட் ஆகும்.

கம்பெனி மெக்கானிக் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. பேட்டரியை மாற்றினார், ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், ஸ்டார்ட்டர் மோட்டாரையே கழற்றி வேறு போட்டார். கடைசியில் மேனேஜரிடம் போய், "வண்டியில ஒண்ணும் இல்ல சார். ஆளுதான் எழுந்திருக்க மாட்டேங்குறான்" என்று கையைக் கழுவிவிட்டார்.

"இன்னும் ஒரு நாள் லேட்டானா சாவியை மேஜையில வச்சிட்டுப் போயிட்டே இரு" என்றார் மேனேஜர்.

வேலை போனால் வேறு தேடிக்கொள்ளலாம். பொய்யன் என்ற பெயரோடு அந்த கேட்டைத் தாண்டுவதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அதனால்தான் அண்ணியிடம் போய் நின்றான். அவன் அண்ணன் மனைவிக்கு பஸ் டிப்போவில் எஞ்சின் வேலை. அவன் புலம்பி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "காலையில நான் வர்ற வரைக்கும் வண்டியைத் தொடாதே" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். இந்தக் கூத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மேனேஜரும் வந்திருந்தார், பக்கத்தில் கம்பெனி மெக்கானிக். நம்ம ஆள் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பேச்சுக்குக் கேட்க வேண்டுமா!

"பாருங்க சார், சாவியைப் போட்டுட்டேன். எல்லா லைட்டும் வருது, பேட்டரி ஃபுல்லா இருக்கு. சத்தியமா நான் நாலரைக்கே வந்துடுறேன் சார். இப்ப திருகுறேன், பாருங்க..."

திருகினான். பாவி வண்டி டக்கென்று ஸ்டார்ட் ஆகிவிட்டது.

மேனேஜர் சிரித்த சிரிப்பில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அண்ணி பானெட்டைத் திறக்கக்கூட இல்லை, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஒரு காலை மட்டும் டைம் குடுங்க சார்" என்றாள் அவள்.

"அதான் கடைசி" என்று சொல்லிவிட்டு மேனேஜர் உள்ளே போனார்.

"தனியா இருக்கும்போதும் இப்படித்தான் சாவியைப் போட்டுட்டு வாயடிச்சுட்டு இருப்பியா?" என்று கேட்டாள் அண்ணி.

"தனியா யார்கிட்ட அண்ணி பேசுறது? ஏறினதும் ஒரே திருகு."

"ம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள். அந்த ஒரு ம்-ஐ வைத்துக்கொண்டு அவன் ராத்திரி முழுக்கப் புரண்டான்.

அடுத்த நாள் அண்ணி அவனை வண்டியில் ஏறவே விடவில்லை. "சார், நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. ஏறினதும் ஒரே திருகு, நடுவுல நிறுத்தாதீங்க."

"இதுல என்னம்மா பெரிய வித்தை?" என்று மேனேஜர் ஏறினார். திருகினார். குர்ர் குர்ர். மறுபடியும் திருகினார். நாலாவது தடவைக்கு நெற்றியில் வேர்வை பொடித்தது, அஞ்சாவது தடவைக்கு வண்டியைத் திட்ட ஆரம்பித்தார். லேட்டுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருந்தது.

"போதும் சார். இப்ப சாவியைப் பாதி மட்டும் திருப்புங்க. ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றாள் அண்ணி. பின்பக்கம் டேங்க்கிலிருந்து ஙொய்ய் என்று மெல்லிய சத்தம் வந்து இரண்டு செகண்டில் நின்றது. "அணைங்க. திரும்பப் போடுங்க. இன்னொரு தடவை. ஆங், இப்ப திருகுங்க."

எஞ்சின் பிடித்துக்கொண்டது. மேனேஜர் வாயைப் பிளந்தார்.

"அந்தச் சத்தம் டேங்க்கு உள்ள இருக்கிற பம்ப்போடது சார். சாவியைப் போட்டதும் கொஞ்ச நேரம் ஓடி, குழாய்ல பெட்ரோலை அழுத்தமா நிறுத்தி வைக்கும். ராத்திரியில அந்த அழுத்தம் எங்கேயோ கசிஞ்சு போயிடுது. பக்கத்துல ஆள் இருந்தா இவன் சாவியைப் போட்டுட்டுக் கதை பேசுவான். பேசி முடிக்கிறதுக்குள்ள பம்ப் தன் வேலையை முடிச்சிடும். தனியா இருந்தா அவசரத்துல ஒரே திருகு, அழுத்தமே இருக்காது."

"அப்போ பம்ப்பை மாத்திடுவோம்" என்றார் கம்பெனி மெக்கானிக்.

"இருங்கண்ணே, மாத்தி மாத்தித்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கு." எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தாள். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன ரெகுலேட்டரின் தலையிலிருந்து மெல்லிய ரப்பர் குழாயை உருவி, உள்ளங்கையில் கவிழ்த்தாள். இரண்டு சொட்டு விழுந்தது. மேனேஜரின் மூக்குக்கு நேராகக் கையை நீட்டினாள். பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தது.

"இதுல காத்து மட்டும்தான் இருக்கணும். உள்ளே இருக்கிற ஜவ்வு கிழிஞ்சிருக்கு, அது வழியாத்தான் அழுத்தம் போகுது."

அடேயப்பா! மூணு மாசம், மூணு பார்ட்ஸ், இவன் பட்ட அவமானம் அத்தனைக்கும் காரணம் கட்டை விரல் அகலத்தில் ஒரு ஜவ்வு. அதை ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் இந்த மனுஷி பிடித்துவிட்டாளே என்று அவனுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. கம்பெனி மெக்கானிக்கே, "நம்ம கண்ணுக்கு இது படலியேம்மா" என்று தலையைச் சொறிந்தார்.

மத்தியானம் புது ரெகுலேட்டர் வந்தது. சாயங்காலம் டிப்போ வேலை முடிந்து வந்து அண்ணி அதைத் தன் கையாலேயே பொருத்தினாள். மறுநாள் காலையும் சோதித்துப் பார்க்க வந்து நின்றாள். அவன் ஏறினான், வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே திருகு. வண்டி கிளம்பிவிட்டது. மேனேஜர் எல்லா டிரைவர்களுக்கும் முன்னால், "நான்தான்ப்பா உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்" என்றார்.

விரிப்பு மூட்டைகளை ஏற்றி முடித்ததும் அவன் அண்ணியிடம் ஓடினான். "ஊரே என்னைப் பொய்யன்னுச்சு. நீங்க ஒருத்தர்தான் அண்ணி என்னை நம்பினீங்க."

"யாரு நம்பினா? நீ தூங்கிட்டு வண்டி மேல பழி போடுறேன்னுதான் நானும் நினைச்சேன்."

"அப்புறம் எதுக்கு மூணு நாளா தூக்கம் கெட்டு வந்தீங்க?"

"உங்க அண்ணன் உன்னை முழுசா நம்பினாரு. 'என் தம்பி பொய் சொல்ல மாட்டான்'னு சொல்லிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கிட்டாரு. யாராவது ஒருத்தர் வந்து பாக்கணுமில்ல?" என்று சொல்லிக்கொண்டே அவள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். "நிக்காதே, கிளம்பு. ஆஸ்பத்திரியில காத்துட்டிருப்பாங்க."