பதினைந்தாவது எழுத்து

1993 ஆகஸ்டு 16, திங்கட்கிழமை. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் பக்தவச்சலம் என்ற பெயரில் இருவர் படுத்திருந்தனர்.

காலையில் கணினி அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு கனகவல்லி வந்தாள். கையில் கணவன் கே. பக்தவச்சலத்தின் மருந்துத் தாள்.

“இன்னாம்மா இது? ஸ்கூட்டர்லேர்ந்து வியுந்து கை ஒடிஞ்ச மனுசன். சனிக்கெயம சக்கரை ஊசின்னு வந்துச்சு. இன்னிக்கு கால் புண்ணுக்குக் கட்டாம். நாளைக்குப் பிரசவம்னு போடுவீங்களா?”

கணினியைக் கவனித்துவந்த தபீதாளுக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை இன்சுலின் வரியை அழித்தவள் அவள்தான். யாரோ தவறாகத் தட்டியிருப்பார்கள் என்று அப்போது விட்டுவிட்டாள்.

“உக்காருங்கக்கா. இப்பவே பாத்துடறேன்.”

தாளை அச்சிடும் நிரலை ‘ட்ரஸ்’ வழியாக ஓடவிட்டாள். இதைத் திற, இதைப் படி என்று ஒரு நிரல், கணினியை இயக்கும் யூனிக்ஸிடம் கேட்பதையெல்லாம் ட்ரஸ் அப்படியே திரையில் காட்டிவிடும். நிரல் கேட்ட கோப்பு bakthavatchalam.k. யூனிக்ஸும் மறுக்காமல் திறந்து கொடுத்திருந்தது. ஆனால் கோப்புகளின் பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை. bakthavatchala என்று ஒன்றுதான் இருந்தது.

அந்த இயந்திரம் கோப்பின் பெயரில் பதினான்கு எழுத்துக்கு மேல் ஏற்காது. மிச்சத்தைச் சொல்லாமல் வெட்டிவிடும். முன்னால் இருந்த இனிஷியலை, அகரவரிசை கெடுகிறது என்று பின்னால் போடச் சொன்னவர் மேலாளர் தோத்தாத்ரி. போன வாரம்தான்.

மாடி வார்டில் இருந்த எம். பக்தவச்சலத்தின் தாளையும் ஓட்டிப் பார்த்தாள். அதே கோப்பு திறந்தது; இருவரையும் பிரித்துக் காட்டிய இனிஷியல் வெட்டுப்பட்டிருந்தது. அவர் படப்பைக்காரர்; சர்க்கரை நோயாளி, காலில் புண்.

சனிக்கிழமை தான் அழித்தது யாருடைய ஊசி என்பது அப்போதுதான் உறைத்தது.

“இன்னாம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?” என்றாள் கனகவல்லி.

தபீதாள் மாடிக்கு ஓடினாள். வார்டு வாசலில் நர்ஸ் எட்மண்ட் நின்றிருந்தான்.

“எட்மண்ட், படப்பைக்காரருக்கு இன்சுலின் போட்டீங்களா?”

“சனிக்கெயமையே நிறுத்திட்டாங்களே மேடம், தாள்ல இல்லியே. நேத்து பூரா வாந்தி, தண்ணி தண்ணின்னு ஒரே பேஜார். இப்பதான் நல்லா தூங்கறாரு.”

உள்ளே கட்டிலில் அவர் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தபீதாள் தோளைத் தொட்டுக் கூப்பிட்டாள். பிறகு உலுக்கினாள். கண் திறக்கவில்லை.

“டாக்டரைக் கூப்பிடுங்க, ஓடுங்க!”

எம். பக்தவச்சலம் நினைவு திரும்பாமலே மறுநாள் பகலில் இறந்தார்.